எண்ணுவது எம்மொழியில்?

திருப்பெரும்பூதூரிலிருந்து ஒரகடம் வரை நீண்டு கிடக்கும் நிலம் ஒரு தலைமுறைக்கு முன்னர் ஏரியும் நெல்வயலும் பனையுமாக இருந்த நிலம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நாட்டு இயூண்டாய் நிறுவனம் மகிழுந்து செய்யத் தொடங்கிற்று. 2000-இல் பிரெஞ்சு நாட்டாரின் கண்ணாடித் தொழிலகம் வந்தது. 2006-இல் பின்லாந்தின் நோக்கியா கைப்பேசி செய்ய வந்து, 2014 நவம்பரில் ஆயிரக்கணக்கான இளைஞரைத் தெருவில் விட்டுக் கதவைச் சாத்திற்று. 2007-இல் சாம்சங்கு, 2010-இல் ஒரகடத்தில் இரெனோவும் நிசானும், 2012-இல் செருமானியரின் தெய்ம்லர் சரக்குந்து என அடுக்கடுக்காக வந்தன. சுங்குவார்சத்திரத்தில் தைவான் நாட்டுப் பாக்சுகான் ஐபோன்களைப் பூட்டி உலகெங்கும் அனுப்புகின்றது. இத்துணைத் தொழிலகங்களும் இரவு பகல் என்னாது முறைமாற்றி இயங்க, அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களில் ஒற்றை அறை, ஈரறைக் குடிக்கூலி வீடுகளில் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்கின்றன.

அவ்வீடுகளுக்குள் அண்மைக் காலத்தே ஒரு புதிய வேட்கை நுழைந்துள்ளது. பத்து அகவைப் பிள்ளையும் பதின்மூன்று அகவைப் பிள்ளையும் மாலை நேரத்தில் கைப்பேசித் திரைமுன் அமர்ந்து, எங்கோ ஓர் ஊரிலிருந்து ஒருவர் நடத்தும் கணக்கு வகுப்பைக் கேட்கின்றனர். பள்ளிப் பாடத்திற்கு மேற்பட்ட கணக்கு, மூளைக்கு உரமிடும் கணக்கு, நாளைப் பொறிஞர் ஆவதற்கான கணக்கு என்றெல்லாம் அவ்வகுப்புகள் தம்மைப் பறைசாற்றிக் கொள்கின்றன. தொழிலகத்தில் திருகாணி முடுக்கும் தந்தை, தன் மகனேனும் அத்திருகாணி எங்கே இருக்கவேண்டும் என்று வரைபவனாக வேண்டும் என விழைகின்றான். அவ்விழைவில் குற்றம் காண்பார் நெஞ்சில் ஈரமிலார்.

முதற்கண் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடல் வேண்டும். கணக்கு வளப்பயிற்சி என்பது நல்லதொரு பொருள். பாடநூலில் உள்ளதையே மீண்டும் மீண்டும் அரைத்துக் கொடுக்கும் தனிப்பயிற்சி வேறு, இது வேறு. எட்டுக்கு எட்டாகக் கட்டமிட்ட பலகையொன்றைப் பிள்ளையின் முன் வைத்து, 'இதில் எத்தனைச் சதுரங்கள் உள?' என்று கேட்டால், அறுபத்து நான்கு என்று பிள்ளை உடனே விடை கூறும். 'நன்றாகப் பார், இரண்டு கட்டம் அகலமுள்ள சதுரங்களை எண்ணினாயா?' என்று கேட்டுவிட்டு ஆசிரியர் வாளா இருந்துவிட வேண்டும். பிள்ளை எண்ணும், தவறும், மீண்டும் எண்ணும், 64, 49, 36 என்று இறங்கிவரும் ஒழுங்கைத் தானே கண்டு, கூட்டி, 204 என்று சொல்லும்போது அதன் முகத்தில் தோன்றும் ஒளியே கல்வி. அவ்வொளியைத் திரைவழித் தந்தாலென்ன, திண்ணையில் தந்தாலென்ன? கருவியின்மேல் பகை கொள்வது அறிவுடைமை ஆகாது. ஓலையைக் கைவிட்டுத் தாளைத் தழுவிய இனம், தாளொடு திரையையும் தழுவத்தான் வேண்டும்.

ஆயின், அவ்வொளி அத்திரைகளில் தோன்றுகின்றதா என்பதே வினா.

கொடுநோய்க் காலத்தை நினைவில் கொள்க. 2020 மார்ச்சில் மூடிய தமிழ்நாட்டுப் பள்ளிகள் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு மீண்டும் திறந்தது 2021 நவம்பர் முதல் நாள். ஏறத்தாழ இருபது திங்கள்! அக்காலத்தே கல்வி முழுவதும் திரைக்குள் புகுந்தது. உலகுக்கெல்லாம் கைப்பேசி செய்து அனுப்பும் இப்பகுதியில், ஒரு வீட்டில் ஒரே கைப்பேசி. அதுவும் தந்தையின் சட்டைப்பையில் தொழிலகத்திற்குப் போய்விடும். தந்தை இரவு முறைக்குப் போகும் கிழமையில் பிள்ளைக்கு வகுப்பு இல்லை; பகலில் அவன் உறங்கும் வேளையில்தான் திரை பிள்ளையின் கைக்கு வரும். வசதியுள்ளார் பிள்ளைகள் வகுப்பில் இருந்தனர். வசதியிலார் பிள்ளைகள் வகுப்பு இருந்தது என்பதைக் கேள்விப்பட்டனர். கூட்டலும் கழித்தலும் அறிந்து பெருக்கலின் வாயிலில் நின்ற பிள்ளை, திரும்பி வந்தபோது வகுத்தலைக் கடந்து பின்னத்தில் போய் விழுந்தது. இடையில் அறுந்த நூல் பலருக்கு இன்னும் முடியப்பெறவில்லை.

அந்த அச்சத்தை வணிகர் நன்கு முதலாக்கினர். பிள்ளை பின்தங்கிவிடும் என்னும் நடுக்கத்தைப் பெற்றோர் நெஞ்சில் ஊட்டி, ஓராண்டுக் கட்டணத்தை ஒருங்கே பெற்று, கையில் பணமில்லாதவர்க்குத் தவணைக் கடனையும் காட்டிக் கொடுக்கும் முறை இந்தியா முழுவதும் பரவிற்று. 2011-இல் தொடங்கப்பெற்ற பைசூசு நிறுவனம் 2020-இல் சிறார்க்குக் கணிப்பொறி நிரல் கற்பிக்கும் வேறொரு நிறுவனத்தை முப்பது கோடி அமெரிக்க வெள்ளிக்கு வாங்குமளவு கொழுத்தது. 2024 சூலையில் அதுவே கடன் தீர்க்க இயலாமை வழக்கில் தீர்ப்பாயத்தின் முன் நின்றது. அறிவைப் பங்குச் சந்தையில் கட்டித் தூக்கினால் கயிறு அறும்போது கீழே நிற்பவர் தலையில்தான் விழும். இதை இதற்குமேல் விரிக்க வேண்டுவதில்லை. ஏமாந்தவர் ஊர்தோறும் உளர்.

வணிகத்தினும் ஆழமான சிக்கல் மொழி. இவ்வகுப்புகளில் பெரும்பாலானவை ஆங்கில வழியிலேயே நடைபெறுகின்றன. தமிழ்ப் பிள்ளை ஒன்று, தமிழ் பேசும் ஆசிரியர் ஒருவரிடம், தமிழ்நாட்டில் இருந்துகொண்டே, ஆங்கிலத்தில் கணக்குக் கேட்கின்றது! ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டிய மூளை முதலில் அதன் சொற்றொடரைப் புரிந்துகொள்ள முயன்று களைத்துப் போகின்றது. 'விளங்கிற்றா?' என்று திரையிலிருந்து கேள்வி வரும். பிள்ளை தலையாட்டும். விளங்கவில்லை என்று சொல்வதற்கும் ஆங்கிலம் வேண்டுமே! வகுப்பறையில் முகம் பார்த்து அறியும் ஆசிரியர் அத்தலையாட்டத்தின் பொருளைக் கண்டுபிடித்து விடுவார். அரை விரல் அகலமுள்ள சிறு கட்டத்துக்குள் தெரியும் முகத்தில் அதைக் காண்பது எங்ஙனம்?

தமிழில் 'எண்' என்றால் தொகையும் ஆகும். 'எண்ணு' என்றால் கணக்கிடு என்பதும் ஆகும், நினை என்பதும் ஆகும். எண்ணமும் எண்ணிக்கையும் ஒரே வேரில் கிளைத்தவை. எம்மொழியில் ஒருவன் நினைக்கின்றானோ அம்மொழியில்தான் அவன் எண்ணுவான் என்பதைத் தமிழ் தன் சொல்லிலேயே பொதிந்து வைத்துள்ளது. வள்ளுவப் பேராசான் கல்வியைக் கூறுமிடத்து எண்ணை முன்னும் எழுத்தைப் பின்னும் வைத்ததும் கருதத்தக்கது.

இது வெறும் மொழிப்பற்றுரை அன்று. சான்று வேண்டுவார்க்குச் சான்று உண்டு. ஆங்கிலப் பிள்ளை பத்துக்குப்பின் எண்ணும்போது 'இலெவன்', 'துவெல்வு' என்று பத்தோடும் ஒன்றோடும் இரண்டோடும் தொடர்பு புலப்படாத இரு சொற்களைக் கற்க வேண்டியிருக்கின்றது. சீனப் பிள்ளையோ பத்து-ஒன்று, பத்து-இரண்டு என்றே எண்ணுகின்றது. பத்துக்கு மேற்பட்ட எண்களை அமெரிக்கப் பிள்ளைகளினும் சீனப் பிள்ளைகள் பிழையின்றி விரைந்து எண்ணக் கற்பதை 1987-இல் மில்லர், சிடிக்லர் என்னும் ஆய்வாளர் எடுத்துக் காட்டினர். தமிழ்ப் பிள்ளையின் பதினொன்றும் பன்னிரண்டும் பத்தொடு கூடியே பிறந்த சொற்கள் அல்லவோ? (தொண்ணூறும் தொள்ளாயிரமும் சற்றே இடறும் என்பது உண்மைதான், ஒன்பதைக் குறித்த 'தொண்டு' என்னும் பழஞ்சொல் வழக்கு வீழ்ந்தமையால் வந்த இடறல் அது. அதையும் பிள்ளைக்கு ஒரு கதையாகச் சொல்லலாம்.)

பின்னத்தில் இது இன்னும் தெளிவாகும். ஆங்கிலத்தில் மூன்றை முன்னே சொல்லி நான்கைப் பின்னே சொல்வர். எதில் மூன்று என்பது தெரியாமலேயே பிள்ளை மூன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும். தமிழில் 'நான்கில் மூன்று' என்கிறோமே, முழுமை முதலில் வருகின்றது. அதை நான்காக்கு, அவற்றுள் மூன்றை எடு என்று செய்முறையே சொல்லாகி நிற்கின்றது. கொரிய மொழியிலும் இதே முறைதான்: நான்கு கூறுகளின் மூன்று என்பதே அவர்தம் வழக்கு. கொரியா, குரோவாசியா, அமெரிக்கா ஆகிய மூன்று நாட்டுச் சிறாரையும் ஒப்பிட்டு 1999-இல் வெளிவந்த ஆய்வொன்று, பள்ளியில் பின்னம் முறையாகக் கற்பிக்கப்பெறும் முன்னரே கொரியப் பிள்ளைகள் அதன் பொருளை மற்றவரினும் நன்குணர்ந்திருந்தனர் என்றும், அதற்கு அம்மொழியின் சொல்லமைப்பே துணை நின்றது என்றும் கண்டது. கொரியன் தன் மொழியால் பெற்ற அவ்வூதியத்தைத் தமிழனும் தன் மொழியால் பெறலாம். பெறாமல், அவ்வூதியம் இல்லாத மொழியில் பிள்ளையை இறக்கி, அதற்குக் கட்டணமும் கட்டுகின்றான்!

இங்கே இந்நெடுஞ்சாலையின் பெயர்ப் பலகைகளை ஒருமுறை கண்ணோட்டமிடுதல் நன்று. இயூண்டாயும் சாம்சங்கும் கொரியர் ஆக்கங்கள்; கொரியன் கொரிய மொழியில் கணக்குக் கற்றான். நிசான் சப்பானியர் ஆக்கம். சப்பானியன் தன் மொழியில் கற்றான். இரெனோவைப் படைத்தவன் பிரெஞ்சிலும் தெய்ம்லரைப் படைத்தவன் செருமானியத்திலும் கற்றனர். இவருள் எவரும் ஆங்கிலத்தில் பெருக்கல் வாய்பாடு ஒப்பித்துப் பொறி செய்யக் கற்றாரல்லர். தாய்மொழியில் எண்ணி ஆக்கியவன் முதலாளியாய் வந்து நிற்க, அயல்மொழியில் எண்ண முனைந்தவன் அவன் வாயிலில் அடையாள அட்டை தொங்கவிட்டு நிற்கின்றான். இதற்கு மொழி ஒன்றே கரணியம் என்று கூறினால் அது மிகையாகும். முதலும் அரசும் வரலாறும் கலந்த கரணியங்கள் பல உள. ஆனால் அந்நாடுகளுள் ஒன்றேனும் அயல்மொழியில் தன் சிறார்க்குக் கணக்குக் கற்பித்து முன்னேறவில்லை என்பதை மறுப்பார் யார்?

தமிழில் கணக்குக் கற்பிக்கச் சொல் இல்லை என்பார் இன்னும் சிலர் உளர். 'பகா எண்' என்னும் சொல்லைக் கேட்ட அளவிலேயே பிள்ளைக்குப் பாதி விளக்கம் கிடைத்து விடுகின்றது: பகுக்க இயலாத எண். அதற்குரிய ஆங்கிலச் சொல் அப்பிள்ளைக்கு என்ன சொல்லிற்று? ஒன்றும் சொல்லவில்லை. தொடுகோடு தொடுகின்றது; இணைகரத்தில் கரங்கள் இணையாக ஓடுகின்றன; வட்டத்தின் வில்லுக்கு நாண் கட்டப்பெற்றுள்ளது; மாறி மாறும், மாறிலி மாறாது. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் கலைச்சொற்களைத் திரட்டி நூலாக்கி வெளியிட்டது 1938-இல். எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் 'சொல் இல்லை' என்று கூறுவார், சொல்லைத் தேடாதவர் என்றே கொள்ளப்படுவர். மற்று, தமிழறிஞர்க்கும் ஒரு சொல் உண்டு. கணிதமா கணக்கா, பின்னமா பிள்வமா என்று புலவர்கள் வழக்காடிக் கொண்டிருக்கும் வேளையில் பிள்ளை ஆங்கிலத்திற்குப் போய்விடுகின்றது. வழக்கில் உள்ள சொல்லை வைத்து முதலில் பாடத்தைத் தொடங்குக. சொல் பின்னர்த் தூய்மையுறும்.

இப்பகுதியின் மண்ணுக்கும் கணக்குக்கும் புதிதாய் உறவு உண்டாக்க வேண்டுவதில்லை. இதே காஞ்சி மாவட்டத்து உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு, ஊரவைக்கு நிற்பவனுக்குக் கால் நிலத்துக்குமேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும் என்றும், கல்வியுடையானாயின் அரைக்கால் நிலமே போதும் என்றும் வரையறுக்கின்றது. (அங்கே கல்வி என்று எண்ணப்பட்டது எது, அதில் எவர்க்கு இடமிருந்தது என்பது வேறொரு கட்டுரைக்குரிய செய்தி.) காலும் அரைக்காலும் அன்று ஊரார் அனைவர்க்கும் விளங்கிய அளவுகள். சோழர் ஆட்சியில் வேலி நிலத்தை 52,42,88,00,000 கூறிட்டு அதில் ஒரு கூற்றையும் அளந்து இறை விதித்த செய்தி தஞ்சைப் பெருங்கோயில் கல்வெட்டால் அறியப்பெற்றது. நான்கு 320-களை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் தொகையை ஐந்தால் பெருக்கினால் அவ்வெண் வரும். ஏன் 320? முந்திரி என்னும் அளவு முந்நூற்றிருபதில் ஒன்று. அதைக் கொண்டே அடுக்கடுக்காகக் கீழிறங்கினர்.

இப்பழைய அளவுகளின் பெயர்களைப் பிள்ளையிடம் கொடுத்துப் பார்த்தால் எத்துணை இன்பம் விளையும்! அரைக்கால் என்பது காலில் அரை. சொல்லுக்குள்ளேயே பெருக்கல் கிடக்கின்றது. விடை எட்டில் ஒன்று. மாகாணி என்பதோ மாவும் காணியும் கூடியது. சொல்லுக்குள் கூட்டல் கிடக்கின்றது. மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று. கூட்டினால் எண்பதில் ஐந்து, அஃதாவது பதினாறில் ஒன்று. ஒரே வகையாகத் தோன்றும் இரு சொற்களுள் ஒன்று பெருக்கலாகவும் மற்றொன்று கூட்டலாகவும் இருப்பது எதனால் என்று கேட்டால், பன்னிரண்டு அகவைப் பிள்ளைக்கு ஒரு மாலைப்பொழுது போதாது. தச்சரும் கொத்தரும் இன்றும் விரலத்தின் எட்டில் ஒரு பங்கை 'நூல்' என்கின்றனர். ஒரகடத்துக் கட்டடப் பணியில் இருக்கும் கொத்தனாரின் மகளுக்குப் பின்னம் வீட்டிலேயே இருக்கின்றது. பள்ளியும் திரையும்தாம் அதை அவளுக்கு அயலாக்கிவிட்டன.

இருப்பினும் முன்னோர் பெருமையைப் பேசியே முப்பது ஆண்டு கழித்தவர் பலர். கல்வெட்டு நுண்ணளவை மேடையில் முழக்குவதால் ஒரு பிள்ளைக்கும் வகுத்தல் வாராது. எண்சுவடியும் கணக்கதிகாரமும் கண்ணாடிப் பேழையில் வைத்து வணங்குதற்குரியன அல்ல. அவற்றிலுள்ள கணக்குகளை எடுத்து, இற்றைப் பிள்ளைக்கு ஏற்பச் செதுக்கி, வினாவாக்கித் தருதல் வேண்டும்.

'ஆங்கிலம் இன்றி மேற்படிப்பு ஏது, வேலை ஏது?' என்று தந்தை கேட்கின்றான். அவன் கேள்வியை எள்ளி நகையாடுதல் தகாது. தொழிலக நேர்காணலில் ஆங்கிலம் தடுமாறித் தலை குனிந்தவன் அவன். ஆனால் ஆங்கிலம் கற்பது வேறு. ஆங்கிலத்தில் எண்ணக் கற்பது வேறு. மொழிப்பாடமாக ஆங்கிலத்தை நன்கு கற்கட்டும். கணக்கை ஏன் அதற்குப் பலியிட வேண்டும்? 1959-இல் உருமேனியாவில் தொடங்கிய உலகக் கணக்குப் போட்டியில் பள்ளி மாணவர்க்கு இரண்டு நாளில் ஆறு வினாக்கள் கொடுக்கப்படுகின்றன. கணக்குத் திறனில் அதனினும் உயர்ந்த மேடை பள்ளிப் பிள்ளைகட்கு இல்லை. அங்கே ஒவ்வொரு மாணவனும் தான் விரும்பிய மொழியில் வினாத்தாளைப் பெற்றுத் தன் மொழியிலேயே விடை எழுதலாம். வியத்துநாம் பிள்ளை வியத்துநாம் மொழியிலும் ஈரான் பிள்ளை பாரசீகத்திலும் எழுதுகின்றனர். உலக மேடையே தாய்மொழியில் எண்ண இடந்தரும்போது, ஒரகடத்து ஒற்றையறை வீட்டுக்குள் ஆங்கிலத்தைக் காவல் நிறுத்துவது எவர் ஆணை? கடலுக்கப்பால் ஈழத்தில் தமிழ்ப் பிள்ளைகள் பல்கலைக்கழக நுழைவுக்குரிய உயர்தரத் தேர்வு வரை கணக்கையும் இயற்பியலையும் தமிழிலேயே கற்று எழுதி, பொறிஞராகவும் மருத்துவராகவும் உலகெங்கும் விளங்குகின்றனர். குண்டுமழைக்கு நடுவிலும் அவர்கள் கைவிடாததைத் தாய்த்தமிழகம் பூமழைக்கு நடுவில் கைவிட்டது. 2012-13 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகத் தொடங்கியதைத் தடுப்பார் இலர்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று கூறுதல் நேர்மையாகாது. 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' ஏறத்தாழ இரண்டு இலக்கம் தன்னார்வலரைத் தெருத்தோறும் கொண்டுவந்து நிறுத்திற்று. அவர்களுள் பெரும்பாலார் அவ்வத் தெருப் பெண்டிர். 2022 சூனில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஆறு முதல் எட்டு வகுப்புப் பிள்ளைகட்குச் செய்முறை அறிவியலும் கணக்கும் காட்ட 'வானவில் மன்றம்' பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் தோன்றியது. 2023 சூலையில் வந்த 'மணற்கேணி' செயலி தமிழிலும் பாடங்களைக் காட்சியாக்கித் தருகின்றது. பெயரைக் குறளினின்று எடுத்தமைக்கே ஒரு வாழ்த்து. ஆனால் அரசுப் பள்ளிகட்குத் தொழிலகங்களிடமிருந்து பொருள் திரட்ட 2022 திசம்பரில் தொடங்கிய திட்டத்திற்கு மட்டும் 'நம்ம இசுகூல்' என்று பெயர் சூட்டி, 'நம்ம ஊருப் பள்ளி' என்பதை அதன் பின்னே தொங்கவிட்டனர். பள்ளி என்னும் ஈராயிரம் ஆண்டுச் சொல் வாலாயிற்று, இசுகூல் தலையாயிற்று. பொருள் கொடுக்க வருபவனுக்குப் பள்ளி என்றால் விளங்காதா?

மணற்கேணி பாடநூலைத் தருகின்றது. பாடநூலுக்கு அப்பாற்பட்ட வளப்பயிற்சியைத் தருவதில்லை. அதைத் தரும் முயற்சியொன்று சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சார்பில் 2022-இல் எழுந்தது: கணக்கின்வழிப் புதுவகையாய் எண்ணிப் பழகுதற்கான கட்டணமற்ற இணையவகுப்பு. பத்து இலக்கம் பிள்ளைகளை எட்டுவது அதன் குறிக்கோள் என அறிவிக்கப்பெற்றது. நல்ல நோக்கம். கழகம் இருக்கும் கிண்டிக்கும் ஒரகடத்திற்கும் பேருந்தில் இரண்டு மணிநேரத் தொலைவுதான். அதன் கணக்குகள் தமிழ்வழிப் பிள்ளையின் கையில் தமிழாகவே முழுமையும் வந்து சேரவேண்டும் என்று கேட்பது பேராசையன்று.

திரையின்றியே இவ்வளப்பயிற்சியை நடத்திக் காட்டியவர் சென்னையில் இருந்தார். முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்காசிரியராக இருந்த பி.கே. சீனிவாசன், கணக்குமேதை இராமானுசனின் நினைவாக 1993-இல் இராயபுரத்தில் அருங்காட்சியகம் ஒன்று தோன்றக் கரணியமாய் இருந்தவர், 2005-இல் மறைந்தார். நாட்காட்டி ஒன்றே அவர்க்குப் போதும். அதை வைத்துக்கொண்டே எண்களின் விளையாட்டைப் பிள்ளைகட்குக் காட்டுவார். எந்த வீட்டுச் சுவரிலும் நகைக்கடையார் கொடுத்த நாட்காட்டி தொங்குகின்றது. அதில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது நாட்களைச் சூழ்ந்து ஒரு கட்டம் போட்டு, நடுவிலுள்ள எண்ணை மட்டும் கேட்டால், ஒன்பதின் கூட்டுத்தொகையையும் உடனே சொல்லிவிடலாம். நடுவில் 15 என்றால் தொகை 135. எப்படி? நடுவெண்ணைச் சுற்றியுள்ள எட்டும் எதிரெதிர் இணைகளாக நிற்கின்றன. ஒவ்வோர் இணையும் நடுவெண்ணின் இரு மடங்கு. இனி, இரண்டுக்கு இரண்டாக நான்கு நாட்களை எடுத்துக் குறுக்காகப் பெருக்கினால்? 8, 9, 15, 16 என்னும் நான்கில் எட்டும் பதினாறும் பெருக 128, ஒன்பதும் பதினைந்தும் பெருக 135, வேறுபாடு ஏழு. எந்தத் திங்களில், எந்த நான்கு நாட்களை எடுத்தாலும் ஏழுதான். கிழமைக்கு ஏழு நாள் என்பதற்கும் இந்த ஏழுக்கும் உள்ள உறவைக் கண்டுபிடிக்கும் பிள்ளை இயற்கணக்கின் வாயிலைத் தானே திறந்துகொள்ளும். இதற்கு ஓராண்டுக் கட்டணம் எவ்வளவு?

தமிழ்ப் பிள்ளைகளோடு இப்பகுதியில் ஒடியா, இந்தி, அசாமி பேசும் தொழிலாளர் பிள்ளைகளும் வளர்கின்றனர். தாய்மொழியில் எண்ணும் உரிமை தமிழ்ப் பிள்ளைக்கு உண்டெனில் ஒடியாப் பிள்ளைக்கும் உண்டு; அப்பிள்ளை தமிழும் கற்று, தன் மொழியிலும் கணக்கைக் கேட்க வழி செய்தல் தமிழர்க்குப் புகழே தரும்.

செய்யத்தக்கது யாது? 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட ஊதியம் ஈட்டும் நிறுவனங்கள் கடந்த மூன்றாண்டு ஊதியத்தின் நிரவலில் நூற்றுக்கு இரண்டைப் பொதுநலத்திற்குச் செலவிடவேண்டும் என்கின்றது. இந்நெடுஞ்சாலையின் பெருந்தொழிலகங்கள் அதற்கு உட்பட்டவை. அப்பணத்தில் சுவருக்கு வண்ணம் பூசிப் பெயர்ப்பலகை நாட்டுவதோடு நிறுத்தாமல், தமிழில் கணக்கு வளப்பாடங்கள் ஆக்குதற்கும், அவற்றை நடத்தும் இளைஞர்க்கு ஊதியம் தருதற்கும் ஒரு பங்கைக் கேட்டுப் பெறல் வேண்டும். கேட்க வேண்டியவர் யார்? 2024-இல் சாம்சங்குத் தொழிலாளர் முப்பத்தேழு நாள் வேலைநிறுத்தம் செய்து தம் சங்கத்திற்கு ஏற்பு வேண்டினர். 2025 சனவரியில் அச்சங்கம் பதிவு பெற்றது. ஊதியத்திற்கும் சங்க உரிமைக்கும் போராடத் தெரிந்த கைகள், பிள்ளைகளின் மொழிக்கும் ஒரு வரியைக் கோரிக்கைத் தாளில் சேர்க்க அறியாதவை அல்ல.

அரசு உயர்நிலைப் பள்ளிகளில் கணிப்பொறி ஆய்வகங்கள் உள்ளன. மாலையிலும் ஞாயிறன்றும் அவை பூட்டிக் கிடக்கின்றன. திருப்பெரும்பூதூர், குன்றத்தூர் வட்டங்களில் ஊருக்கு ஒன்றாக அவற்றைத் திறந்துவிட்டால், கைப்பேசி தந்தையின் பையில் இருப்பினும் பிள்ளைக்குத் திரை கிடைக்கும். பெரிய திரையில் ஒரு கணக்கு; அதைச் சூழ்ந்து இருபது பிள்ளைகள்; அருகில் தமிழில் வினவித் தமிழில் விடை கேட்கும் ஓர் இளைஞன் அல்லது இளைஞை. 'இல்லம் தேடிக் கல்வி'யில் பழகிய பெண்டிர் இதற்கு முதலில் முன்வருவர். பட்டயம் படித்துவிட்டுத் தொழிலகத்தில் வேலை செய்யும் இளையோர், முறைமாற்றத்திற்கேற்ப, கிழமைக்கு ஒரு மாலை தரலாம். தமிழறிந்தோர் செய்யவேண்டுவது, கணக்குகளைத் தமிழாக்குவதினும் தமிழில் ஆக்குவது. முதற் கிழமைக்குப் பத்துக் கணக்குகள் போதும். அவற்றுள் ஒன்றை இங்கேயே வைக்கலாம்: மாவும் காணியும் கூடியது மாகாணி, மூன்று மாவும் மூன்று காணியும் கூடியது மும்மாகாணி. முக்காலிலிருந்து மும்மாகாணியைக் கழித்தால் எஞ்சுவது எவ்வளவு, அதற்குத் தமிழில் பெயர் என்ன?